லைசன்ஸுக்குக் கட்டிய காசும் பறக்காமல் போன மாதங்களும்

திருகோணமலையில் விமானம் ஓட்டப் படிக்க ஆசைப்படுகிற பிள்ளைகள் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. உவர்மலையிலிருந்து, கிண்ணியாவிலிருந்து, மூதூரிலிருந்து என்று தெரிந்தவர்கள் வழியாகக் கேட்டு வருகிறார்கள். "அக்கா, மொத்தம் எவ்வளவு முடியும்? எங்க சேர்ந்தால் நல்லம்?" 2021 கடைசியில் நான் தொடங்கியபோது இதையெல்லாம் கேட்க எனக்கு ஒருவரும் இருக்கவில்லை. சீனன்குடாவில் விமானத் தளம் உள்ள ஊர்தான் எங்களுடையது. பிரீமா மா ஆலைக்கு மேலே பயிற்சி விமானங்கள் வட்டமடிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான் நாங்கள். ஆனால் அது விமானப்படையில் சேர்ந்தவர்களுக்கான பயிற்சி. சிவில் லைசன்ஸ் எடுக்க நான் கொழும்பை அடுத்த இரத்மலானைக்குப் போகவேண்டியிருந்தது. அப்பா ஓய்வுபெற்றபோது கிடைத்த சேமலாப நிதிக் காசு, அம்மாவின் நகையை வங்கியில் அடகு வைத்த காசு, இரண்டும் என்னோடு கொழும்பு மெயிலில் ஏறி வந்தன.

எவ்வளவு முடியும் என்ற கேள்விக்கு எல்லா விமானப் பயிற்சிப் பள்ளிகளும் ஒரே மாதிரித்தான் பதில் சொல்கின்றன. ஒரு மணித்தியாலப் பறப்புக்கு இவ்வளவு, தேவையான மணித்தியாலங்கள் இவ்வளவு, பெருக்கிப் பாருங்கள் என்பார்கள். அந்தக் கணக்கில் வராத ஒரு செலவுதான் எங்கள் வீட்டுக் காசைத் தின்றது: ஒரு பறப்புக்கும் அடுத்த பறப்புக்கும் நடுவில் விழும் இடைவெளி. இரண்டு மாதம் பறக்காமல் இருந்தால், கற்றதில் ஒரு பகுதி கையைவிட்டுப் போய்விடும். அதைத் திரும்பப் பிடிக்க மறுபடி காசு கொடுத்துப் பறக்கவேண்டும். நீங்கள் வெள்ளவத்தையில் அறை வாடகை கொடுத்துக்கொண்டு அங்கேயே இருக்கிறீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கீழே எழுதுவதெல்லாம் இந்த இடைவெளியைச் சுற்றியதுதான்.

முதலில் படிகளைச் சொல்லிவிடுகிறேன். மாணவ விமானி அனுமதி, அதன்பின் தனியார் விமானி லைசன்ஸ் எனப்படும் பிபிஎல், பிறகு தொழில்முறை லைசன்ஸான சிபிஎல். மேகத்துக்குள்ளும் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் இன்ஸ்ட்ரூமென்ட் ரேட்டிங், இரட்டை எஞ்சின் விமானத்துக்கான மல்டி எஞ்சின் ரேட்டிங் இரண்டும் அதற்குமேல். ஐசிஏஓ எனும் சர்வதேச அமைப்பின் விதிப்படி பிபிஎல்லுக்குக் குறைந்தது 40 மணித்தியாலமும் 17 வயதும், சிபிஎல்லுக்கு 200 மணித்தியாலமும் 18 வயதும் வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட ஒருங்கிணைந்த பாடநெறி என்றால் சிபிஎல் 150 மணித்தியாலத்தில் முடியலாம். எங்கள் நாட்டில் இதையெல்லாம் பார்ப்பது கட்டுநாயக்காவிலுள்ள சிவில் விமான சேவைகள் அதிகாரசபை. 40 என்பது குறைந்தபட்சம். நாற்பதில் முடித்தவர் ஒருவரையும் நான் நேரில் பார்த்ததில்லை. பிள்ளையை அனுப்பும் பெற்றோர் ஐம்பதுக்கு மேல் என்றே கணக்குப் போட்டு வையுங்கள்.

காசு கட்டுவதற்கு முதல் மெடிக்கல். இதைத் தலைகீழாகச் செய்யச் சொல்வார்கள். "முதலில் சேருங்கோ, இப்போதைக்கு இரண்டாம் வகுப்பு மெடிக்கல் போதும், மற்றதைப் பிறகு பார்க்கலாம்" என்று அலுவலகத்தில் எனக்கும் சொன்னார்கள். பிபிஎல்லுக்கு இரண்டாம் வகுப்பு போதும் என்பது உண்மை. சிபிஎல்லுக்கு முதலாம் வகுப்பு வேண்டும். அதில் ஈசிஜி, கேட்டல் பரிசோதனை எல்லாம் உண்டு. என்னோடு சேர்ந்த ஒரு தம்பி கெட்டிக்காரன், நல்ல கை. அவன் பெரிய தொகை கட்டிப் பறக்கத் தொடங்கிய பிறகுதான் முதலாம் வகுப்புக்குப் போனான். நிறப்புள்ளிகளுக்குள் இலக்கம் கண்டுபிடிக்கச் சொல்லும் இஷிஹாரா சோதனையில் நின்றுபோனான். வாழ்நாளில் ஒருநாளும் தனக்குச் சிவப்பும் பச்சையும் குழம்புவதாக அவனுக்குத் தெரியாது. அன்று மாலை, பள்ளியில் மாணவர்கள் பறப்புக்குக் காத்திருக்கும் வாங்கில் (பெஞ்சில்) அவன் பக்கத்தில் இருந்தேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஆகவே தொழிலுக்காகத்தான் படிக்கிறீர்கள் என்றால் அதிகாரசபை அங்கீகரித்த வைத்தியரிடம் முதலாம் வகுப்பு மெடிக்கலை உங்கள் காசில் முதலில் எடுங்கள். அதற்குப் பிறகு மட்டும் பள்ளி வாசலை மிதியுங்கள். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் பயப்படவேண்டாம். கண்ணாடியோடு தேவையான அளவு பார்வை தெரிந்தால் போதும். பறக்கும்போது இன்னொரு சோடி கண்ணாடி கையில் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

பள்ளியின் பெயரை எழுதப் போவதில்லை. அங்கே பிபிஎல்லுக்கு ஒரு பொதி விலை சொன்னார்கள். முழுத்தொகையும் முன்னமே கட்டினால் கழிவு என்றார்கள். மணித்தியாலத்துக்கு இத்தனை டொலர், கட்டும் நாளின் நாணய மாற்று விலைப்படி ரூபாயில். அப்பா பெரும்பகுதியைக் கட்டிவிட்டார். படிவத்தின் அடியில் கட்டிய பணம் மீளளிக்கப்படமாட்டாது என்று ஒரு வரி இருந்தது. பல்கலைக்கழகமென்றாலும் தனியார் வகுப்பென்றாலும் அப்படி ஒரு வரி இருக்கும்தானே என்று அப்பா சொன்னார்.

பறப்பது பற்றி ஒரு வார்த்தை. அது நான் பயந்த அளவுக்குக் கஷ்டமில்லை. செஸ்னா 152 இரண்டு இருக்கை, 110 குதிரைவலு எஞ்சின். தோளோடு தோள் முட்டிக்கொண்டு இன்ஸ்ட்ரக்டர் பக்கத்தில் இருப்பார். நேராகவும் மட்டமாகவும் பறப்பது, ஏற்றம், இறக்கம், திருப்பம், வேகம் குறைந்து இறக்கை தூக்குசக்தியை இழக்கும் ஸ்டால், அதிலிருந்து மீள்வது, பிறகு ஓடுபாதையைச் சுற்றி ஆயிரம் அடியில் சேர்க்கிட். அடிக்கடி பறந்த வாரங்களில் என் கை தானாகப் படிந்தது. இரத்மலானை ஓடுபாதை வடகிழக்குத் தென்மேற்காகக் கிடக்கிறது. வாடையும் சோழகமும் அடிக்கும் திசை அது. காற்றைப் பற்றி எங்கள் ஊர்க் கடற்தொழிலாளர்கள் பேசுவதைக் கேட்டு வளர்ந்தவளுக்கு அது உடனே பிடிபட்டது. மத்தியானத்துக்குப் பிறகு மேற்கே கடலிலிருந்து காற்று குறுக்கே வரும். அந்த நேரத்தில் புதியவர்களுக்குத் தரையிறக்கம் சிரமம். முடிந்தால் காலை முதல் பறப்பைக் கேட்டு வாங்குங்கள். காற்றும் அமைதி, வெயிலும் குறைவு, மழைக்காலத்தில் இடிமேகம் எழும்புவதற்கு முதல் இறங்கிவிடலாம்.

கஷ்டம் வாங்கில் இருந்தது. காலை ஆறரைக்குப் போய் இருப்போம். ஒன்பதுக்கு, விமானம் இன்றைக்கு இல்லை என்பார்கள். பயிற்சி விமானத்துக்கு ஐம்பது, நூறு மணித்தியாலங்களுக்கு ஒருமுறை பராமரிப்புப் பரிசோதனை இருக்கிறது. அது சில நாள், சாமான் கிடைக்காவிட்டால் சில வாரம். எஞ்சினுக்கு இரண்டாயிரம் மணித்தியாலத்துக்குச் சற்று முன்பின்னாக முழு ஓவர்ஹோல் வரும். அதற்கு எஞ்சினைக் கழற்றி அனுப்பினால் மாதக்கணக்கு. விளம்பரத்தில் வரிசையாக நின்ற விமானங்களில் உண்மையில் பறந்தது ஒன்றோ இரண்டோதான், மற்றவை ஹேங்கருக்குள் சில்லில்லாமல் நின்றன. ஆகவே பள்ளிக்குப் போனால் எத்தனை விமானம் இருக்கிறது என்று கேட்கவேண்டாம். இன்று எத்தனை பறக்கும் நிலையில் இருக்கிறது, அதற்கு எத்தனை மாணவர், ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஓவர்ஹோலுக்கு இன்னும் எத்தனை மணித்தியாலம் மிச்சம், முழுநேர இன்ஸ்ட்ரக்டர் எத்தனை பேர் என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி முக்கியம். பல இன்ஸ்ட்ரக்டர்கள் மணித்தியாலம் சேர்த்துக்கொண்டு விமானக் கம்பனி வேலைக்குக் காத்திருப்பவர்கள். என்னுடையவர் ஒரு வெள்ளிக்கிழமை போனார். அடுத்தவர் என்னை முதலிலிருந்து சோதித்துப் பார்க்க விரும்பினார். அது அவர் கடமை, ஆனால் அந்த மணித்தியாலங்கள் என் கணக்கில்.

முதன்முதலாகத் தனியாகப் பறந்த சோலோ நாளை எழுதாமல் விடமுடியவில்லை. சேர்க்கிட் சில சுற்றிவிட்டு வந்து நின்றதும் சேர் கதவைத் திறந்தார். தன் இருக்கைப் பட்டியைத் தளராதபடி தானே பூட்டிவிட்டு, "என்னோடு செய்ததையே செய், வேறொன்றும் புதிதாகச் செய்யாதே" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். ஒரு ஆளின் பாரம் குறைந்த 152 இத்தனை சீக்கிரம் எழும்பும் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. வழக்கமாகத் திரும்பும் இடத்துக்கு வரமுன்னமே உயரம் வந்துவிட்டது. ஒருபக்கம் கடல், கீழே பொல்கொட ஏரி, அத்திடியச் சதுப்பு. கட்டுப்பாட்டு டவருக்கு என் குரல் தெளிவாகப் போனது எனக்கே ஆச்சரியம். இறங்கும்போதும் அதே பாரக்குறைவு வேலை செய்தது. தரை தொடுமுன் மூக்கை மெல்லத் தூக்கி ஃப்ளேர் பண்ணிய பிறகும் விமானம் மிதந்துகொண்டே போனது. தள்ளி அமுக்காமல் பொறுத்திருந்தேன், அது தானாகப் போய் உட்கார்ந்தது. இறங்கி அம்மாவுக்கு அழைத்தேன். கோணேசர் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்துதான் அவர் என்னைத் திருப்பி அழைத்தார். அந்த ஒரு காலைக்காக அதற்குப்பின் நடந்த எல்லாவற்றையும் தாங்கினேன் என்று சொன்னால் அது மிகையில்லை.

அதன்பின் நடந்தது 2022. மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய்க்குச் சற்று மேலே இருந்தது, மே மாதம் 360ஐத் தொட்டது. நாட்டில் பெற்றோல் வரிசை. ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அறிவித்தார்கள். சிறிய விமானத்துக்கு வேண்டிய அவ்காஸ் என்ற பெற்றோலும் டொலர் கொடுத்துத்தான் வரவேண்டும். பறப்பு நின்றது. அதுவரை யாரையும் குறை சொல்லமுடியாது, நாடே நின்றிருந்தது. எனக்கு நெஞ்சு வெடித்தது அதற்குப் பிறகு. மறுபடி தொடங்கியபோது, நாங்கள் முன்னமே கட்டி இன்னும் பறக்காமல் மிச்சமிருந்த ரூபாய்களைப் புதிய டொலர் விலைக்குப் பிரித்து, உங்களுக்கு மிச்சம் இத்தனை மணித்தியாலம்தான் என்றார்கள். கட்டும் நாளின் விலை என்று சொல்லித்தானே வாங்கினீர்கள் என்று அப்பா திருகோணமலையிலிருந்து வந்து கேட்டார். அவரோடு யாரும் உட்கார்ந்துகூடப் பேசவில்லை. பறக்காத மணித்தியாலங்களுக்காக எங்கள் காசு அப்போது பதினைந்து இலட்சத்துக்குக் கிட்ட அங்கே இருந்தது. கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி, கடைசியில் கைக்கு வந்தது அதில் மூன்றிலொன்றும் இல்லை. அந்த வருடம் அடகு வட்டியை மட்டும் கட்டி நகையைத் தக்கவைத்தோம்.

இதிலிருந்து காசு விடயத்தில் நான் எல்லோருக்கும் சொல்வது: கழிவுக்கு ஆசைப்பட்டு முழுத்தொகையை முன்கூட்டிக் கட்டவேண்டாம். ஐந்து அல்லது பத்து மணித்தியாலத்துக்குக் கட்டுங்கள், அதைப் பறந்து முடியுங்கள், பிறகு அடுத்ததைக் கட்டுங்கள். பெரிய தொகை கட்டத்தான் வேண்டும் என்று பள்ளி நின்றால், கட்டப்படுவது காசா மணித்தியாலமா என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். மணித்தியாலம் என்று எழுதியிருந்தால் டொலர் எங்கே போனாலும் அது மணித்தியாலம்தான். பள்ளி விமானம் தராமல் இத்தனை வாரம் போனால் மிச்சக்காசைத் திருப்பித் தரவேண்டும் என்று ஒரு வரியையும் கேளுங்கள். எழுதித் தர மறுக்கிறவர்கள் யார் என்று அப்போதே தெரிந்துவிடும்.

மணித்தியாலத்தை எந்த மீற்றரில் எண்ணுகிறார்கள் என்றும் கேளுங்கள். ஹொப்ஸ் மீற்றர் கடிகாரம் போல ஓடும், எஞ்சின் தரையில் சும்மா நின்றாலும் ஓடும். டாக்கோ மீற்றர் எஞ்சின் சுற்றும் வேகத்தைப் பொறுத்து ஓடும், மெதுவாகச் சுற்றினால் அதுவும் மெதுவாகத்தான் நகரும். டவர் அனுமதிக்காக ஓடுபாதை ஓரத்தில் பத்து நிமிடம் நின்றாலும் ஹொப்ஸில் அது பறந்த காசுதான். எது சரி எது பிழை என்றில்லை, இரண்டு பள்ளிகளின் விலையை ஒப்பிடும்போது இது தெரியாமல் ஒப்பிடமுடியாது.

என்னைக் காப்பாற்றியது என் லோக்புக். ஒவ்வொரு பறப்புக்கும் அன்றன்றே எழுதி, அன்றன்றே இன்ஸ்ட்ரக்டரின் கையெழுத்து வாங்கி, மாலையில் கைப்பேசியில் படமும் எடுத்து அண்ணாவுக்கு அனுப்பி வைப்பேன். பள்ளி மாறப்போனபோது என் பயிற்சிக் கோப்பைத் தர இழுத்தடித்தார்கள். லோக்புக் கையெழுத்தோடு முழுமையாக இருந்ததால் புதிய இடத்தில் என் மணித்தியாலங்களை ஏற்றுக்கொண்டார்கள். மாதக் கடைசியில் சேர்த்துக் கையெழுத்து வாங்கலாம் என்று விட்டிருந்த ஒரு பிள்ளைக்கு, கையெழுத்துப் போடவேண்டியவர் அதற்குள் வெளிநாடு போய்விட்டார். தியரிப் பரீட்சைச் சித்திகளுக்கும் காலவரையறை உண்டு. வானிலை, வழிகாட்டல், விமானச் சட்டம், மனித இயலளவு என்று பாடம் பாடமாகப் படித்துச் சித்தியெய்திவிட்டு, பறப்பு இழுபட்டுப் போனால் மறுபடி எழுதவேண்டி வரும். மெடிக்கலும் அப்படித்தான், முதலாம் வகுப்பு ஒரு வருடம்தான் செல்லும். எல்லாத் திகதிகளையும் ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

மொழியைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் எங்கள் பிள்ளைகள் இதற்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள். நான் தமிழ் மொழிமூலம் படித்தவள். வாங்கில் பேச்சு சிங்களம், புத்தகமும் வானொலியும் ஆங்கிலம். சர்வதேச விதிப்படி ஆங்கிலத்தில் நான்காம் நிலையாவது வேண்டும், அதையும் மூன்று வருடத்துக்கு ஒருமுறை மறுபடி காட்டவேண்டும். ஆனால் வானொலியில் பேசுவது இலக்கிய ஆங்கிலமில்லை, அளவான சொற்களைக் கொண்ட முறை. டவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லும் ரீட்பேக்கைக் கண்ணாடி முன் நின்று நான் வாய்விட்டுப் பழகினேன். விளங்காவிட்டால் மறுபடி சொல்லக் கேட்கலாம், அதற்கென்றே ஒரு சொற்றொடர் இருக்கிறது. தலையாட்டிவிட்டுப் போவதுதான் ஆபத்து. இது எனக்கு முதலே தெரிந்திருந்தால் ஆரம்ப மாதங்களில் அத்தனை கூனிக் குறுகியிருக்க மாட்டேன்.

2023 மார்ச்சில், புதிய பள்ளியிலிருந்து என் நெடுந்தூரத் தனிப்பறப்பு. பிபிஎல்லுக்கு 270 கிலோமீற்றருக்குக் குறையாமல், வேறு இரண்டு விமான நிலையங்களில் இறங்கி வரவேண்டும். எனக்குக் கிடைத்த பாதை இரத்மலானை, சீனன்குடா, மட்டக்களப்பு, இரத்மலானை. சீனன்குடா விமானப்படைத் தளம் என்பதால் அனுமதியெல்லாம் முன்கூட்டியே எடுக்கவேண்டும், அதைப் பள்ளி பார்த்துக்கொண்டது. வரைபடத்தில் இரத்மலானையிலிருந்து சீனன்குடாவுக்கு நேர்கோடு போட்டால் அது சீகிரியாவுக்கு மேலாலே போகும் என்று முதலில் நம்பமுடியவில்லை. குன்று சரியான நிமிடத்தில் மூக்குக்கு முன்னால் வந்து நின்றபோது, என் திசையும் நேரமும் சரி என்று மூச்சு வந்தது. பிறகு வலப்பக்கம் கவுடுல்ல, இடப்பக்கம் கந்தளாய்க் குளம், அதற்கப்பால் தம்பலகாமத்து வயல். இரவெல்லாம் ரயிலில் கிடந்து வரும் தூரம் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் முடிந்தது. தம்பலகாமக் குடா ஒருபக்கம், உள்துறைமுகம் மறுபக்கம், நடுவே ஓடுபாதை. கடலுக்குள் நீட்டிக்கொண்டு சுவாமிமலை. எங்கள் வீட்டுக் கூரையைத் தேடவேண்டும் என்று நினைத்திருந்தேன். தேடவில்லை, இறங்கும் வேலை அவ்வளவு இருந்தது. அப்பா அம்மாவால் தளத்துக்குள் வரமுடியாது. நான் கிளம்பிப் போகும் சத்தத்தை வீட்டு முற்றத்தில் நின்று கேட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

அந்த வருடம் ஓகஸ்டில் சீனன்குடாவில் விமானப்படையின் பி.ரி-6 (PT-6) பயிற்சி விமானம் விழுந்து இருவர் இறந்தார்கள். அம்மா ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. பெற்றோர் என்னிடம் கேட்கும் முதல் கேள்வியும் பாதுகாப்புத்தான். ஆபத்தில்லை என்று நான் ஒருவருக்கும் சொல்வதில்லை. பராமரிப்புப் பதிவேட்டைக் காட்டச் சொல்லும் உரிமை மாணவருக்கு இருக்கிறது, வானிலை சரியில்லை என்றால் பறக்கமாட்டேன் என்று சொல்லும் உரிமையும் இருக்கிறது, அப்படிச் சொன்ன மாணவரை முகம் சுழிக்காமல் பார்க்கும் பள்ளியில் மட்டும் பிள்ளையைச் சேருங்கள் என்கிறேன். முதல் பள்ளியில் எனக்கு அந்த முகச்சுழிப்புக் கிடைத்தது. இரண்டாவதில் "நல்ல முடிவு" என்று இன்ஸ்ட்ரக்டர் தேநீர் வாங்கித் தந்தார்.

பிபிஎல் கையில் வந்துவிட்டது. இப்போது சிபிஎல் மணித்தியாலங்களை, காசு சேரச் சேர, சிறிது சிறிதாகப் பறக்கிறேன். வெளிநாட்டில் மலிவு, சீக்கிரம் முடியும் என்று சொல்லி அழைக்கிறவர்களும் உண்டு. அது சிலருக்குச் சரியாக வரும். போகமுதல் கட்டுநாயக்கா அதிகாரசபைக்கு எழுதிக் கேளுங்கள்: அந்த நாட்டு லைசன்ஸை இங்கே மாற்ற எந்தப் பரீட்சை, எந்தப் பறப்புச் சோதனை, எவ்வளவு செலவு என்று. சிபிஎல் எடுத்த உடனே பெரிய விமானத்தில் உட்காரவைக்க மாட்டார்கள் என்பதையும் வீட்டில் சொல்லி வையுங்கள். அந்தந்த விமான வகையை ஓட்டுவதற்கான டைப் ரேட்டிங் தனிக்காசு, முழு விமானி லைசன்ஸான ஏடிபிஎல்லுக்கு 1500 மணித்தியாலம்.

பள்ளி பார்க்கப் போகிறவர்கள் வார நாளில் விடியவே போங்கள். அலுவலகத்துக்குள் போகமுதல் வாங்கில் இருக்கும் மாணவர்களோடு பேசுங்கள், கடைசியாக எப்போது பறந்தீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். மத்தியானம் வரை இருந்து எத்தனை விமானம் கிளம்புகிறது என்று பாருங்கள். தனியாகப் போகத் தயக்கமென்றால், நான் வெள்ளவத்தையில் நிற்கும் நாளாகப் பார்த்து வாருங்கள். 101 பஸ்ஸில் சேர்ந்து போகலாம், கேட்கவேண்டியதை நானே கேட்டுத் தருகிறேன்.